ஒரு வீட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட்

தங்கைக்காக வீட்டின் பின்பக்கம் கட்டிய புதுப் பகுதிக்கு வெந்நீர்க் குழாய் இழுக்கத் தொடங்கிய அன்றே லூசியேனுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. குழாயைப் பார்த்து யாருக்காவது வயிறு எரியுமா? எரியாது. குழாய் இழுக்க வந்தவர் ஓவிலா. அதுதான் விஷயம்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பிரெஞ்சுக் குடும்பங்கள் நிறைந்த லூயிஸ்டன் ஊரில், அந்தத் தெருவிலிருந்த பாய்லர்களுக்கெல்லாம் ஓவிலாதான் வைத்தியர். பழைய வீடுகள். அறைக்கு ஒன்றாக இரும்பு ரேடியேட்டர்கள், ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம். நிலவறையில் பாய்லர் எரியும், பம்பு வெந்நீரை மேலே தள்ளும், இரும்பு மெல்லச் சூடாகும். முதல் பனி விழுவதற்கு முன் அவற்றின் உள்ளே தங்கிய காற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ரேடியேட்டரின் மேல்பாதி ஜில்லென்றே கிடக்கும். பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு உண்டு. சாவி போட்டுத் திறந்தால் 'உஸ்' என்று காற்று போகும், பிறகு தண்ணீர் எட்டிப் பார்க்கும், மூடிவிட வேண்டும். வேலை அவ்வளவுதான். இதற்காக ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் கடைசியில் லூசியேன் ஓவிலாவுக்கு போன் செய்வாள்.

லூசியேனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கிற வேலை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இந்த வீடும் இந்த ரேடியேட்டர்களும் அவளுடையவை. ஓவிலா வருகிற நாள் அவளுக்குக் கிறிஸ்துமஸைவிடப் பெரிய நாள். நீலக் கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வாள். கரும்புப் பாகும் இஞ்சியும் போட்டு பிஸ்கட் சுடுவாள். அவர் வேலையை முடித்துவிட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு, இரண்டு கோப்பை காப்பி குடிப்பார். மனைவியை இழந்த மனிதர். அதிகம் பேசமாட்டார். ஆறு எப்போது உறையும், யார் வீட்டு பாய்லர் என்ன சத்தம் போடுகிறது, இவ்வளவுதான் பேச்சு. அந்தப் பேச்சை வைத்துக்கொண்டு லூசியேன் அடுத்த அக்டோபர் வரை ஓட்டிவிடுவாள்.

இதில் அவள் யாருக்கும் சொல்லாத ஒரு திருட்டுத்தனம் இருந்தது. ஓவிலா வருவதற்கு முந்தின நாளே, நிலவறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அப்பாவின் சாவியை எடுத்து, எல்லா ரேடியேட்டரிலும் காற்றை அவளே எடுத்துவிடுவாள். அப்படிச் செய்தால் அவருடைய வேலை சீக்கிரம் முடியும். வேலை சீக்கிரம் முடிந்தால் காப்பி நேரம் நீளும். பாவமன்னிப்புக் கூண்டில்கூட அவள் இதைச் சொன்னதில்லை. இது பாவமா இல்லையா என்று அவளுக்கே தெரியாது.

ஒரே ஒரு தடவை ஓவிலா வாயைத் திறந்தார். மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் பீன்ஸ் சாப்பாடு போடுவார்கள். ஊரே வரும்.

"வண்டியில எடம் இருக்கு. சனிக்கிழமை வரீங்களா?" என்றார்.

லூசியேனுக்குப் போக ஆசைதான். வாயில் வந்ததோ, "ஐயோ, ஊர் என்ன சொல்லும்?" என்பதுதான். ஓவிலா தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. லூசியேன் அந்த வாயை எத்தனை தடவை சபித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கு கிடையாது.

இப்படி அமைதியாக எரிந்துகொண்டிருந்த அடுப்பில்தான் ஜினெட் வந்து எண்ணெய் ஊற்றினாள்.

ஜினெட் நான்கு வயது இளையவள். கனெக்டிகட்டில் விமானத் தொழிற்சாலைக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள், அவன் மாரடைப்பில் போனதும் திரும்பி வந்தாள். வந்தவள் சும்மா வரவில்லை. தலைமுடிக்குச் செம்பழுப்புச் சாயம், நகத்துக்குச் சிவப்பு, சிரித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிற சிரிப்பு, எல்லாவற்றோடும் வந்தாள். "அக்கா, பின்னால ரெண்டு ரூம் கட்டிக்கறேனே, என் செலவு" என்று கேட்டபோது லூசியேன் சரி என்றாள். தனியாகச் சாப்பிட்டு அலுத்துப்போயிருந்தது. தங்கை, ஒரே ரத்தம், இருக்கட்டும் என்று நினைத்தாள். ஓவிலாவைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தால் பலகை ஒன்றுகூட ஏறியிருக்காது.

தச்சர்கள் போனதும் ஓவிலா வந்தார். புது அறைகளுக்குப் பழைய இரும்பு ரேடியேட்டர் வேண்டாம் என்று ஜினெட் சொல்லிவிட்டாள். அவளுக்கு பேஸ்போர்டுதான் வேண்டுமாம். சுவரோடு சுவராக, தரையை ஒட்டி ஓடுகிற நீளமான தகர உறை. உள்ளே ஒரு செப்புக் குழாய், அதைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள். பார்க்க அழகுதான். இடத்தை அடைக்காது, முன்னால் சோபாவைப் போடலாம்.

குழாய் இழுத்த மூன்றாம் நாளே ஜினெட், "ஓவிலா, நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம் புடிக்கறேன்" என்று சொல்வது லூசியேன் காதில் விழுந்தது. நீ! இத்தனை வருஷமாக லூசியேன் 'நீங்க' என்பதற்குக் கீழே ஒரு படி இறங்கியதில்லை. இவள் வந்து நேற்றுத்தான் சோபா இறக்கினாள், அதற்குள் நீ. லூசியேன் சமையலறையில் பாத்திரத்தைத் தேய்த்த தேய்ப்பில் பாத்திரத்துக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

அன்று மத்தியானம் ஓவிலா முன்கூடத்துக்கு வந்து, சுவரிலிருந்த பழைய தெர்மோஸ்டாட்டை, அறை குளிர்ந்தால் பாய்லரை எரியவிட்டுச் சூடு போதுமானதும் நிறுத்துகிற அந்தச் சின்னப் பெட்டியை, பார்த்தபடி நின்றார். ஜினெட்டும் பின்னாலேயே வந்து நின்றாள்.

"லூசியேன், ஒண்ணு சொல்லணும். பேஸ்போர்டுக்குத் தனி வால்வு, தனி தெர்மோஸ்டாட் போட்டுடலாம். ரெண்டும் ஒண்ணா போகாது."

"ஏன் போகாது? ஒரே பாய்லர், ஒரே தண்ணிதானே?"

"தண்ணி ஒண்ணுதான். சாமான் வேற. உங்க இரும்பு சூடாக நேரம் எடுக்கும், சூடாயிட்டா லேசுல ஆறாது. அந்தத் தகரம் உடனே சூடாகும், உடனே ஆறிடும். ரெண்டையும் ஒரே கையில குடுத்தா ஏதாவது ஒண்ணு பட்டினி கெடக்கும்."

லூசியேனுக்கு அது புரியாமல் இல்லை. நன்றாகவே புரிந்தது. ஆனால் அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது ஜினெட் அவருடைய சட்டைத் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளைச் செல்லமாகத் தட்டிவிட்டாள். லூசியேனின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு நகம் மட்டும்தான் தெரிந்தது. தனி தெர்மோஸ்டாட் என்றால் தனிக் குடித்தனம். தனிக் குடித்தனம் என்றால் தனி விருந்தாளி.

"ஒரு வீட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட் போதும்" என்றாள். "அப்பா காலத்துலேருந்து இங்கதான் இருக்கு. இங்கயே இருக்கட்டும். அவளுக்குக் குளிருச்சுன்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்று ஜினெட் தோளைக் குலுக்கினாள். "வீடு அவ பேர்ல. மகாராணி சொன்னா சரி."

ஓவிலா லூசியேனை ஒரு கணம் கூடுதலாகவே பார்த்தார். "உறுதியா சொல்றீங்களா?"

"உறுதியாத்தான்."

"சரி" என்று சொல்லிவிட்டு நிலவறைக்கு இறங்கினார். பேஸ்போர்டின் குழாயைப் பழைய ரேடியேட்டர்களின் குழாயோடேயே சேர்த்துவிட்டார். லூசியேனுக்கு வெற்றி. அந்த வெற்றியின் ஆயுள் முதல் பனி வரைதான்.

நவம்பர் நடுவில் குளிர் இறங்கியது. லூசியேனின் பக்கம் சொர்க்கம். காலையில் பாய்லர் ஒருதரம் எரிந்தால் போதும், இரும்பு மத்தியானம் வரை கதகதவென்று இருக்கும். கூடம் சூடாக இருக்கிறவரை தெர்மோஸ்டாட் பாய்லரைக் கூப்பிடாது. பம்பு ஓடாது. ஜினெட்டின் தகரம் மட்டும் கொஞ்ச நேரத்தில் ஆறிப்போய், பிறகு வெறும் அலங்காரமாகச் சுவரோரம் கிடக்கும். அவள் தொப்பி போட்டுக்கொண்டு டெலிவிஷன் பார்த்தாள். சாப்பிடும்போதும் கோட்டைக் கழற்றவில்லை.

லூசியேன் எதிர்பார்த்தது, தங்கை பல் கிட்டித்துக்கொண்டு தன்னிடம் வந்து கெஞ்சுவாள் என்று. ஜினெட் கெஞ்சுகிற ஜாதியா? போனை எடுத்தாள்.

"ஓவிலா, இந்த ரூம்ல ஐஸ்கிரீம் வச்சா உருகாது. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போ."

வந்தார். பார்த்தார். இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தார். அந்த வாரக் கடைசியில் மறுபடியும். ஆண்டுக்கு ஒருமுறை தரிசனம் தருகிற மனிதர் வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். அதிலும் புதுப் பகுதிக்குப் பின்பக்கம் தனி வாசல் இருந்தது. லூசியேனின் சமையலறையைத் தொடாமலேயே அவர் உள்ளே போய் வெளியே வந்தார். பின்வாசல் மிதியடியில் அவருடைய பூட்ஸ் ஜினெட்டின் சப்பாத்துப் பக்கத்தில் சாய்ந்து கிடந்ததை லூசியேன் குப்பை போடுகிற சாக்கில் போய்ப் பார்த்தாள். காலியான குப்பைக்கூடையைக் கொண்டுபோய் இரண்டு தடவை பார்த்தாள்.

சுவர் மெலிது. பேச்சு முழுக்கக் கேட்காது, சிரிப்பு கேட்கும். ஓவிலா சிரிப்பார் என்பதே லூசியேனுக்கு அப்போதுதான் தெரியும். அவள் மேஜையில் அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. அவளும் சிரிக்கிற மாதிரி எதுவும் சொன்னதில்லை, அது வேறு. ஜினெட் அவருக்குப் போட்டதோ கடையில் வாங்கிய டோனட். அட்டைப்பெட்டி குப்பையில் கிடந்தது. கடை டோனட்டைத் தின்றுவிட்டு ஒரு மனிதன் எப்படிச் சிரிப்பான்? லூசியேனுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று தெரிந்தது. ஆனாலும் தோற்றதாக ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. பொறாமை பிடித்த மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டது. குளிர்கிறவள் பக்கம்தான் அவர் வருகிறார். அப்படியானால் என் பக்கம் குளிரட்டும்.

மறுநாள் அவளே போன் செய்தாள்.

"ஓவிலா, தங்கச்சி பாவம், ரொம்ப கஷ்டப்படறா. தெர்மோஸ்டாட்ட அவ ரூமுக்கே மாத்திடுங்க."

"மாத்தினா உங்க பக்கம் ஆறிப்போகும். அது தெரியும்தானே?"

"நான் பழகினவ. தாங்கிக்குவேன்."

இவ்வளவு தியாகம் லூசியேன் தன் ஆயுளில் செய்ததில்லை. ஜினெட் ஓடிவந்து கட்டிப்பிடித்து, "அக்கான்னா அக்காதான்!" என்று இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். லூசியேன் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நினைத்தபடியே நடந்தது. ஜினெட்டின் தகரம் சட்டென்று சூடாகிவிடும், சின்ன அறை நிறைந்துவிடும், தெர்மோஸ்டாட் போதும் என்று பாய்லரை நிறுத்திவிடும். பாவம், லூசியேனின் இரும்புகள் அப்போதுதான் கண்விழித்திருக்கும். வெதுவெதுப்பு அடியில் தொடங்கி அடியிலேயே நின்றுவிடும். சமையலறை ஜன்னலில் உள்பக்கமாகப் பனி பூத்தது. லூசியேன் சந்தோஷமாக நடுங்கினாள். பிஸ்கட் சுட்டாள். நீலச் சட்டையைப் போட்டு, அதற்கு மேல் கோட்டைப் போட்டால் சட்டை தெரியாதே என்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, போன் செய்தாள்.

"ஓவிலா, ரொம்பக் குளிருது."

வந்தார். முன்வாசல் வழியாகவே வந்தார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். "ம்" என்றார்.

"காப்பி போடட்டுமா?"

"இருங்க, முதல்ல தெர்மோஸ்டாட்ட பாத்துடறேன்" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே நடந்தார். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது? ஜினெட்டின் அறையில். யார் வைக்கச் சொன்னது? லூசியேன்.

மேஜையில் காப்பி ஆறியது. சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நீலச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, பல் அடித்துக்கொள்ள, லூசியேன் தான் சுட்ட பிஸ்கட்டை ஒவ்வொன்றாகத் தானே தின்றாள். அழுகைகூட வரவில்லை. அவ்வளவு கோபம். ஓவிலா திரும்பி வந்தபோது தட்டு காலி.

"ரெண்டு தெர்மோஸ்டாட் இல்லாம இது சரிப்படாது, லூசியேன்" என்றார். "வால்வு சொல்லி வச்சிருக்கேன். சனிக்கிழமை வந்து பிரிச்சுடறேன்."

பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் சூடு. யாருக்கும் அவரைக் கூப்பிடக் காரணம் இருக்காது. பழையபடி அக்டோபர்தான். அது அவளுக்கு வலித்தது. தங்கைக்கும் கிடையாது என்பது கொஞ்சம் இனித்தது.

அந்த இனிப்பும் அன்று சாயங்காலம் வரைதான். ஜினெட் ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் தோளில் போர்த்தினாள். எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். ரேடியேட்டர்ல காத்து எடுக்க அப்பா நம்ம ரெண்டு பேருக்கும்தானே சொல்லிக் குடுத்தாரு? எனக்கே மறக்கல. நீ எதுக்கு வருஷா வருஷம் ஓவிலாவக் கூப்பிடற?"

"எனக்கு முழங்கால் வலி."

"முழங்கால் வலிக்கறவதான் நேத்து ஏணி போட்டு ஜன்னலுக்குப் பஞ்சு அடைச்சியா?"

ஜினெட் மேஜைமேல் கிடந்த பிஸ்கட் துகளை விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"நேராவே கேட்டுடறேன். உனக்கு அவர் மேல ஆசையா? ஆசைன்னா சொல்லு. நான் ஒதுங்கிக்கறேன், சத்தியமா. எனக்கு அவரப் புடிச்சிருக்கு. நல்ல மனுஷன். சனிக்கிழமை வேலை முடிஞ்சதும் என்னைப் பீன்ஸ் சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு கேட்டேன். சரின்னுட்டாரு. அதான், போறதுக்கு முன்னாடி உன்னைக் கேக்கறேன்."

கேட்டேன் என்கிறாள். இவளே கேட்டிருக்கிறாள்! கேட்கலாம் என்பதே லூசியேனுக்கு இத்தனை வயதில் தோன்றவில்லை. 'ஆமாம்' என்று ஒரு சொல். அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த முகத்தில் இரக்கம் தெரிந்தது. சின்ன வயதில் பொம்மையை விட்டுக்கொடுக்கிறபோது காட்டுகிற அதே முகம். தங்கை ஒதுங்கிக் கொடுத்து வாங்கிக்கொள்வதா? செத்தாலும் மாட்டேன்.

"எனக்கென்ன வந்தது?" என்றாள் லூசியேன். "தாராளமா போ. குழாய் ரிப்பேர்காரர் கூடப் போறதுக்கு எங்கிட்ட என்ன உத்தரவு?"

ஜினெட் அக்காவையே பார்த்தாள். "சரி" என்று எழுந்து போனாள். கம்பளியை விட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஓவிலா நிலவறையில் வேலை செய்தார். லூசியேன் மேலே ஒரு வேலையும் ஓடாமல் நடந்துகொண்டிருந்தாள். சுத்தியல் சத்தம், தண்ணீர் வடிகிற சத்தம், மறுபடி நிரப்புகிற சத்தம். புதுப் பகுதியில் ஜினெட் பாட்டு பாடிக்கொண்டே குளித்தாள். வாசனைத் தைலம் கூடம் வரை வந்தது. குழாயில் சூடு வர முடியாத இடத்துக்கெல்லாம் அவள் தைலம் வந்துவிடுகிறது என்று லூசியேன் பொருமினாள்.

ஓவிலா மேலே வந்து, கூடத்துச் சுவரில் பழைய இடத்தில் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டினார். நிலவறையில் பம்பு ஓடுகிற உறுமல் கேட்டது. ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஏறி, கடகடவென்று கொதித்த மாதிரி சத்தம் வந்தது.

"தண்ணிய வடிச்சு நிரப்பினதால உள்ள காத்து இருக்கு. எடுத்துடறேன்" என்று பையிலிருந்து சாவியை எடுத்தார். திறந்தார். 'உஸ்ஸ்...' என்று நீளமாகக் காற்று வந்தது.

ஓவிலா திருகில் விரலை வைத்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வீட்டுல இந்தச் சத்தத்த இப்பத்தான் கேக்கறேன்" என்றார்.

லூசியேன் ஓர் அடி பின்வாங்கினாள்.

"ஊர்ல எல்லா வீட்டு ரேடியேட்டரும் சீறும். உங்க வீட்டுல மட்டும் சாவி போட்டா நேரா தண்ணி வரும். முதல் வருஷம் ஆச்சரியமா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் திருகுல புதுசா சாவி பட்ட தடம் பாத்தேன்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?" என்றாள் லூசியேன்.

"என்னன்னு சொல்றது? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். ஒரு தடவை வண்டியில வரீங்களான்னு கேட்டேன். ஊர் என்ன சொல்லும்னீங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. காப்பிக்கு மட்டும்தான் ஆள் வேணும்போலன்னு நெனச்சுக்கிட்டேன். காப்பி நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் திருகை மூடினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு தெர்மோஸ்டாட் போதும்னு நீங்க சொன்னப்பவே தப்பாப் போகும்னு தெரியும். அடிச்சுச் சொல்லியிருக்கலாம். தப்பாப் போனா திரும்பக் கூப்பிடுவீங்கன்னு பேசாம செஞ்சுட்டேன். ஆனா கூப்பிட்டது உங்க தங்கச்சி."

வெளியே வண்டியின் ஹாரன் அடித்தது. ஜினெட் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வாக்குக் குடுத்துட்டேன், லூசியேன். போகணும்" என்றார் ஓவிலா. பையை எடுத்தார். தொப்பியை எடுத்தார். கதவு சாத்திக்கொண்டது.

கூடத்தில் இரும்பு மெல்லச் சூடாக ஆரம்பித்திருந்தது. இனி இந்தப் பக்கம் சூடு, அந்தப் பக்கமும் சூடு. குறை என்று சொல்லிக் கூப்பிட எதுவும் பாக்கி இல்லை. இந்த வண்டி இப்போது போனால் அடுத்த அக்டோபரில் காற்றெடுக்க வருகிறவர் தங்கையின் புருஷனாக வருவார். பின்வாசல் வழியாக, வீட்டுச் செருப்பு மாட்டிக்கொண்டு, சாவியோடு. காப்பியும் குடிப்பார். பக்கத்தில் ஜினெட் இருப்பாள். கடை டோனட்டோடு!

லூசியேன் கோட்டை எடுத்தாள். ஒரு கை நுழைந்தது, இன்னொரு கை நுழையவில்லை. அப்படியே ஓடினாள். முழங்கால் வலி என்று ஒன்று இருந்ததாகவே அவளுக்கு நினைவில்லை.

பழைய பிக்கப் வண்டி. முன்னால் ஒரே நீளப் பலகை இருக்கை. ஜினெட் நடுவில், ஓட்டுகிறவர் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். லூசியேன் கதவைத் திறந்தாள்.

"எறங்கு."

"என்னக்கா?"

"எறங்குடி. நீ ஜன்னல் பக்கம் ஒக்காரு. நடுவுல நான் ஒக்காரணும்."

ஜினெட்டின் சிவப்பு உதடு திறந்தபடி நின்றது. "எனக்கென்ன வந்ததுன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

"நான் சத்தியம் பண்ணிக் கேட்டேனே! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே? ரெண்டு மணி நேரமா முடி சுருட்டியிருக்கேன்!"

"நீ குடுத்து நான் வாங்கிக்க மாட்டேன். நானேதான் எடுத்துப்பேன். எறங்கு."

ஓவிலா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. ஜினெட் அவரைப் பார்த்தாள், அந்தக் காதைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி மெல்லக் கீழே இறங்கினாள். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. லூசியேன் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். ஜினெட் ஏறிக் கதவை அறைந்த அறையில் கூரையிலிருந்த பனி சரிந்து விழுந்தது.

"ஓவிலா" என்றாள் லூசியேன்.

"சொல்லுங்க."

"வருஷா வருஷம் முந்தின நாளே காத்த எடுத்தது நான்தான். நீ சீக்கிரம் வேலைய முடிச்சுட்டு எங்கூட ஒக்காரணும்னுதான் எடுத்தேன். இப்ப வண்டிய எடு."

ஓவிலா வண்டியை எடுத்தார். கியர் மாற்றுகிறபோதெல்லாம் கை அவள் முழங்காலில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார். கடைசியாக இடித்தபோது கேட்கவில்லை. மாதா கோயில் திருப்பம் வரை ஜினெட் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தாள். திருப்பத்தில், யாரிடம் என்றில்லாமல், "பீன்ஸ் மட்டும் தீர்ந்துபோயிருக்கட்டும், ரெண்டு பேரையும் பேசிக்கறேன்" என்றாள்.

மண்டபத்தில் நுழைந்தபோது எல்லாத் தலையும் திரும்பின. ஓவிலாவின் ஒரு பக்கம் லூசியேன், கோட்டின் பித்தான் ஏறுமாறாக. இன்னொரு பக்கம் ஜினெட், சுருட்டிய முடியோடு. ஊர் பேச ஆரம்பித்தது லூசியேன் காதிலேயே விழுந்தது. ஊர் பேசினால் உயிர் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. பசிக்கத்தான் செய்தது.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பீன்ஸ் பானையைத் தூக்கிக்கொண்டு மதாம் துபே வந்தாள். போன ஆண்டு விதவையானவள், பார்க்க நல்ல அழகு. லூசியேனுக்கு ஒரு கரண்டி வைத்தாள். ஜினெட்டுக்கு ஒரு கரண்டி வைத்தாள். ஓவிலாவின் தட்டில் ஒரு கரண்டி வைத்து, அடியில் கிடந்த பன்றிக்கறித் துண்டாகத் தேடிப் பொறுக்கி இன்னொரு கரண்டியும் வைத்து, "என் வீட்டு ரேடியேட்டரும் சீறுது, ஓவிலா. எப்ப வரே?" என்று சிரித்தாள்.

ஜினெட் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். ஓவிலாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, அக்காவின் பக்கம் குனிந்தாள். வண்டியில் ஏறியதிலிருந்து இப்போதுதான் அக்காவிடம் பேசுகிறாள்.

"பாத்தியா அவள?"

"பாத்தேன்" என்றாள் லூசியேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மதாம் துபே, காத்து எடுக்கறது ஒரு நிமிஷ வேலை. சாவி எங்கிட்ட இருக்கு. நாளைக்குக் காலையில நானும் என் தங்கச்சியும் வரோம்."